மேய்ன் காட்டில் கரடிக்கு இரை வைப்பது: புதிதாக இறங்குபவர்களுக்கு

பாஸ்டனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கரடி வேட்டைச் சட்டம் தலைகீழாக மாறிவிடும். மாசசூசெட்ஸில் 1996-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, இரை வைத்துக் கரடியைச் சுடுவதும் நாய்களை விட்டுத் துரத்துவதும் தடையாயின. வெர்மான்ட்டிலும் இரை வைக்கக் கூடாது. கனெக்டிகட், ரோட் தீவு இரண்டிலும் கரடி வேட்டைப் பருவமே கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் வைக்கலாம், ஆனால் அதற்குத் தனி பெர்மிட்டும் நில உரிமையாளரின் கையெழுத்தும் வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலத்தில் இது வெளிப்படையாக நடக்கும் தொழில். அங்கே ஓர் ஆண்டில் சுடப்படும் கருங்கரடிகளில் பெரும்பகுதி இரைத் தளத்தில்தான் விழுகிறது.

இந்தப் பக்கம் வேலைக்கு வந்து, அலுவலக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகி, அடுத்து கரடி என்று கேட்கும் தமிழர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "டிரம்முக்குள் என்ன போடணும்?" டிரம் என்பது இரையைக் கொட்டி வைக்கும் பீப்பாய். அந்தக் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம். எங்கே வைப்பது, யாருடைய நிலத்தில், எந்தத் தேதியில், யார் பெயரில் என்பதுதான் மாதக்கணக்கான வேலை. வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரியான வார்டன் வந்து நின்றாலும் இதைத்தான் கேட்பார். ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது முழுக்க மேய்ன் மாநிலத்துக்கு மட்டும். டொரண்டோவில் இருந்து படிக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு சட்பரி பக்கம் போய்விட வேண்டாம், ஒண்டாரியோவின் சட்டம் வேறு. மேய்னிலும் மாநிலத்தின் உள்நாட்டு மீன்வள, வனவிலங்குத் துறை ஒவ்வோர் ஆண்டும் சட்டக் கையேடு வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம். தேதி, கட்டணம், ஒருவர் எத்தனை கரடி எடுக்கலாம் என்பதை அந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் நண்பர் அனுப்பிய பிடிஎஃப்பை நம்பாதீர்கள்.

இது வேட்டைதானா?

ஊரில் சொன்னால் உடனே கேட்பார்கள்: "சோறு போட்டுக் கூப்பிட்டுச் சுடுவது வேட்டையா?" நியாயமான கேள்விதான். மேய்ன் மக்களே அதை இரண்டு முறை வாக்குச்சீட்டில் கேட்டுக்கொண்டார்கள். 2004-இலும் 2014-இலும் இரை, நாய், பொறி மூன்றையும் தடை செய்யும் முன்மொழிவு வந்தது. இரண்டு முறையும் ஏறத்தாழ 53-க்கு 47 என்ற கணக்கில் தோற்றது. கொலராடோ 1992-இலும் ஓரிகன் 1994-இலும் வாஷிங்டன் மாநிலம் 1996-இலும் அதே வாக்குச்சீட்டு வழியாகத் தடை செய்துவிட்டன.

ஆதரிப்பவர்களின் வாதம் காட்டைப் பார்த்தால் புரியும். மேய்னில் 90 சதவீத அளவுக்கு அடர்ந்த காடு. ஸ்ப்ரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் இருபது கெஜத்துக்கு அப்பால் எதையும் காட்டாது. நடந்து போய்க் கரடியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. இரைத் தளத்தில் அது நின்று தின்னும்போது ஆணா பெண்ணா, பின்னால் குட்டி வருகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம், பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கலாம். எதிர்ப்பவர்களிடமும் சரக்கு இருக்கிறது. வடக்கு விஸ்கான்சினில் நடந்த ஓர் ஆய்வில் கரடிகளின் உணவில் 40 சதவீதத்துக்கும் மேல் மனிதர் வைத்த இரையிலிருந்து வந்தது தெரிந்தது. காட்டின் உணவுக் கணக்கையே மாற்றுகிற அளவு அது. என் கருத்து இரண்டுக்கும் நடுவில்: குறுகிய காலம், ஊரிலிருந்து தூரம், முடிந்ததும் சுத்தம் என்ற மூன்று வேலிகளுக்குள் நடந்தால் எனக்கு ஒப்புதல்தான். மேய்ன் சட்டமும் கிட்டத்தட்ட அந்த மூன்றையே கேட்கிறது.

இன்னொன்று, இரை வைத்தாலே கரடி கிடைத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரைமேல் உட்காருபவர்களில் சராசரியாக நாலு பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது.

முதல் படி: காகிதங்கள்

வசந்த காலத்திலேயே ஆரம்பியுங்கள். முன்பு எந்த மாநிலத்திலும் வேட்டை உரிமம் வாங்கியிராத பெரியவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். உங்கள் மாநிலத்தில் முடித்ததும் செல்லும். வில், குறுக்கு வில் என்றால் அவற்றுக்குத் தனி வகுப்பு. அப்புறம் பெருவிலங்கு வேட்டை உரிமம், அதன்மேல் கரடிக்கான தனி பெர்மிட். வெளிமாநிலத்தவருக்கு இரண்டுமே விலை கூடுதல்.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. அதாவது உரிமம் முதலில், துப்பாக்கி அப்புறம். "சும்மா பிடித்துப் பாரு மச்சி" என்று நண்பர் நீட்டினாலும் இதே வரிசைதான். மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் துப்பாக்கிக்கு மாநில உரிமம் வேறு தனியாக உண்டு. மேய்னும் உரிமம் தரும்போது குடியுரிமை இல்லாதவர்களைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கட்டணம் வேறு, நிபந்தனைகளும் வேறு. துறைக்கு ஒரு போன் போட்டு உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுவிட்டு, குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் இருக்கும்போது துப்பாக்கி வழக்கு எதுவும் வந்துவிடக் கூடாது. வில்லைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

இரண்டாம் படி: நிலம் யாருடையது

மேய்னில் 90 சதவீதத்துக்கும் மேலான நிலம் தனியாருடையது. இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. "உள்ளே வராதே" என்று பலகை மாட்டாத நிலத்தில் யாரும் நடக்கலாம், வேட்டையாடலாம். மரத்தில் ஊதாக் கோடு அடித்திருந்தால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இந்தத் தாராளத்தைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் தவறான முடிவுக்கு வருகிறார்கள்: நடக்கலாம் என்றால் டிரம்மும் வைக்கலாம் என்று. இல்லவே இல்லை. பிறர் நிலத்தில் இரை வைக்கவும் பரண் கட்டவும் உரிமையாளரின் அனுமதி தேவை. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இடம், தேதி, அவர் கையெழுத்து இருந்தால் போதும், காரில் ஒரு நகல், சட்டைப் பையில் ஒன்று. நிலம் கைமாறியிருக்கலாம், அண்ணன் சொன்னதைத் தம்பி மறுக்கலாம், தாள் பேசும்.

வடக்கே மைல் கணக்கில் கிடக்கும் மரக் கம்பெனிக் காடுகளில் கதை வேறு. பல இடங்களில் நுழைவுச் சாவடியும் கட்டணமும் உண்டு. இரைத் தளங்களைப் பெரும்பாலும் வழிகாட்டிகள் ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். நல்ல மூலையாகத் தெரிவது ஏற்கெனவே ஒருவருடையதாக இருக்கும். அடுத்தவர் வைத்த இரையைப் பார்த்தபடி அவர் அனுமதி இல்லாமல் உட்கார்ந்து சுடுவது சட்டப்படியே குற்றம். மாநில அரசின் பொது நிலங்களில் வைப்பதற்கும் நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

முதல் வருடம் தனியாக எல்லாம் செய்ய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கிரீன்வில், மில்லினாக்கெட், ஜாக்மன், ஆஷ்லண்ட் பக்கம் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் நிறைய. ஒரு வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். ஜூலையிலிருந்து தினமும் காட்டுக்குப் போய் டிரம் நிரப்புவது அவர்கள் வேலை. பாஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டு நாலரை மணி நேரம் ஓட்டிப் போய் நாம் அதைச் செய்ய முடியாது. பணம் கொடுத்தாலும் கீழே வரும் விதிகளைத் தெரிந்துகொண்டே போங்கள். உட்காரப்போவது நீங்கள்தான்.

மூன்றாம் படி: தூரக் கணக்கு

நிலம் கிடைத்ததும் போனில் வரைபடச் செயலியைத் திறந்து தூரம் அளக்க வேண்டும். மேய்ன் சட்டத்தில் இரண்டே எண்கள், 50-உம் 500-உம்.

வாகனம் போகக்கூடிய வழியிலிருந்து குறைந்தது 50 கெஜம் தள்ளி இரை இருக்க வேண்டும். தார் ரோடு மட்டும் என்று நினைக்காதீர்கள். சாதாரணக் காரோ நாலு சக்கர இழுவை உள்ள பிக்கப்போ போக முடிகிற எந்த வழியும் கணக்கில் வரும். மரம் வெட்டிய காலத்தில் போட்டு, இப்போது புல் மண்டிய பழைய பாதை இருக்கிறதே, அதில் ஒரு பிக்கப் நுழைய முடியும் என்றால் அதுவும் வழிதான். சந்தேகம் என்றால் அளப்பதை விட்டுவிட்டு இன்னும் உள்ளே போங்கள். 50 என்றால் 55-இல் வைப்பது எனக்குப் பிடிக்காது. 100-க்கு மேல் போனால் ரோட்டில் நின்று எட்டிப் பார்க்கிறவர்களும் குறைவார்கள், கரடியும் பகலிலேயே தைரியமாக வரும். டிரம் நிரப்பும் வாளியைத் தூக்குகிற உங்கள் முதுகுக்குத்தான் கஷ்டம்.

குப்பைக் கிடங்கிலிருந்தும் முகாம் திடலிலிருந்தும் 500 கெஜத்துக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்தும் அதே 500. வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ எழுத்தில் சம்மதித்தால் மட்டும் விலக்கு. ஏரிக்கரைகளில் மரத்துக்குள் மறைந்த சின்னச் சின்னக் கோடைக் குடில்கள் இருக்கும், செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியாது. ஒருமுறை சுற்றி நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போனால் நாய் குரைப்பதும் புகையும் காட்டிக்கொடுக்கும்.

இந்த எண்கள் எல்லா இடத்துக்கும் பொது இல்லை. அலாஸ்காவில் பொதுச் சாலையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் கால் மைல், வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் முகாமிலிருந்தும் ஒரு மைல். மினசோட்டாவில் ஒவ்வோர் இரைத் தளத்தையும் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். மாநிலம் மாறினால் புதிதாகப் படியுங்கள்.

நான்காம் படி: பெயர்ப் பலகை

மேய்னில் இரைத் தளத்தில் வைத்தவரின் பெயரும் முகவரியும் தெளிவாகத் தெரியும்படி அட்டை மாட்ட வேண்டும். அளவு 2-க்கு 4 அங்குலம். சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி கோட்டை விடுகிற விஷயம். காகிதத்தில் பேனாவால் எழுதி ஒட்டினால் இரண்டு மழையில் மை கரைந்துவிடும், வார்டன் வரும்போது வெள்ளைத் தாள்தான் தொங்கும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதலாம், அல்லது அழியாத மார்க்கரால் எழுதி லேமினேட் செய்யலாம். டிரம்மில் ஒட்டாதீர்கள். கரடி நக்கும், பிய்க்கும், உருட்டும். பக்கத்து மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டுங்கள்.

பரணுக்கும் தனியாக அதே மாதிரி ஒன்று. தானியங்கிக் கேமரா வைத்தால் அதிலும் உங்கள் பெயரும் தொடர்பும் இருக்கட்டும். பிறர் நிலத்தில் கேமரா வைக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அனுமதித் தாள் எழுதும்போதே இரை, பரண், கேமரா மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: எப்போது வைக்கலாம்

மேய்னில் கரடிப் பருவம் ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை திறக்கும். நவம்பர் கடைசிவரை அது நீண்டாலும் இரைமேல் உட்கார்ந்து சுட அனுமதி முதல் நாலு வாரத்துக்குத்தான். இரையை வைக்க ஆரம்பிப்பது திறப்பு நாளுக்கு 30 நாள் முன்பு, அதற்கு ஒரு நாள்கூட முன்னால் கூடாது. 2025-இல் இது ஜூலை 26-இல் இரை, ஆகஸ்ட் 25-இல் வேட்டை, செப்டம்பர் 20-இல் முடிவு என்று விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மேய்னில் வேட்டை கிடையாது. வெள்ளி மாலை கிளம்பி இரண்டு நாள் உட்காரலாம் என்று திட்டம் போடும் ஐடி ஆட்கள் கவனிக்கவும்: உங்களுக்கு இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். விடுமுறை எடுங்கள்.

ஜூலை தொடக்கத்தில் வெறுங்கையோடு போய் இடம் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், பகலில் படுக்க அடர்ந்த ஊசியிலைப் புதர் வேண்டும், சுற்றி ராஸ்ப்பெர்ரியும், கொட்டை காய்க்கும் பீச் (beech) மரமும் இருந்தால் நல்லது. பீச் மரத்தின் வழவழப்பான பட்டையில் பழைய நகத் தடம் ஏணிப்படி மாதிரி ஏறிப் போயிருக்கும். அதைப் பார்த்தால் அந்தக் காட்டில் கரடி நடமாட்டம் உறுதி.

அதே பீச் மரம் உங்களுக்குப் போட்டியும்கூட. வடக்கு மேய்னில் பீச் கொட்டை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் நன்றாகக் காய்க்கும். காய்ப்பு ஆண்டில் கரடிகள் மலைச் சரிவிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும், டோனட்டைத் திரும்பியும் பார்க்காது. அந்த வருடம் டிரம் காலியாகவில்லை என்றால் மூலப்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஆறாம் படி: சரி, டிரம்முக்குள் என்ன?

மேய்ன் சட்டத்தில் இரை என்றால் கரடியைக் கவர வைக்கும் தாவரப் பொருள், விலங்குப் பொருள், அவற்றிலிருந்து வந்தவை. டப்பா, உறை, பிளாஸ்டிக் பை எதுவும் இரை ஆகாது, அது குப்பை. பேக்கரியிலிருந்து வாங்கிய பழைய ரொட்டியை உறையோடு கொட்டுவது குப்பை போட்ட குற்றத்தில் சேரும். வீட்டிலேயே பிரித்து, வாளியில் நிரப்பி எடுத்துப் போங்கள். நாற்பது பன் பாக்கெட்டைக் கொசுக்கடியில் நின்று பிரிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வழக்கமாக வைப்பது: பழைய டோனட், ரொட்டி, ஓட்ஸ், கிரானோலா, பாப்கார்ன், மொலாசஸ் என்ற கரும்புச் சர்க்கரைப் பாகு. கூடவே உணவகத்தில் பொரித்து மிஞ்சிய எண்ணெய். எண்ணெய் ருசிக்காக மட்டும் ஊற்றுவதில்லை. தின்னும் கரடி அதை மிதித்து, பாதத்தில் ஒட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் வாசனை பூசும், அந்தத் தடத்தைப் பிடித்து இன்னொன்று வரும். தூரத்து மணத்துக்கு மரக்கிளையில் சோம்பு எண்ணெய் நனைத்த துணி கட்டுவார்கள், போகும்போது அதை மறக்காமல் அவிழ்த்து எடுக்க வேண்டும். பீவர் என்ற நீர்வாழ் கொறிணியின் இறைச்சியை வைப்பவர்களும் உண்டு. என்னால் அந்த நாற்றத்தைக் காரில் ஏற்ற முடியாது.

எது கூடாது என்பதில்தான் விவரம் வேண்டும். முதலாவது சாக்லேட். 2014 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்டார்க் என்ற ஊரில் ஓர் இரைத் தளத்தில் நாலு கரடிகள் செத்துக் கிடந்தன. இரண்டு வளர்ந்த பெண்கள், இரண்டு குட்டிகள். அங்கே கொட்டியிருந்தது 90 பவுண்டு சாக்லேட்டும் டோனட்டும். சோதித்தபோது சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் விஷமானது தெரிந்தது. நாய்க்கு சாக்லேட் கொடுக்காதே என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்வதும் இதே பொருளால்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நியூ ஹாம்ப்ஷயர் இரையில் சாக்லேட்டைத் தடை செய்தது, மிச்சிகனும் செய்தது. மிட்டாய்க் கம்பெனிகளின் கழித்த சரக்கு மலிவாகக் கிடைக்கும்போது அதில் கோகோ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாநிலத்தில் இருந்தாலும் சாக்லேட்டைத் தொடாதீர்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய்களில் வரும் சைலிட்டால் நாய்களைக் கொல்லும். கரடி டிரம்மை நரியும் ரக்கூனும் பக்கத்து வீட்டு நாயும் மோந்து பார்க்கும் என்பதால் அதுவும் வேண்டாம்.

இரண்டாவது மான். மேய்னில் ஜூன் 1 முதல் மான் பருவம் முடியும்வரை மானைக் கவர உப்போ உணவோ வைப்பது குற்றம். ஆப்பிளும் சோளமும் கொட்டினால் கரடிக்கு முன்னால் மான் வந்து நிற்கும், அப்புறம் அது யாருக்கு வைத்த இரை என்று வார்டனிடம் விளக்க வேண்டிவரும். வேறு மாநிலத்தில் சுட்ட மானின் தலையையும் எலும்பையும் இரைக்காக ஏற்றி வராதீர்கள். மான்களின் மூளையை அரிக்கும் தொற்றுநோய் அப்படித்தான் ஊர் மாறுகிறது. அந்த உடல் பாகங்களைக் கொண்டுவர மேய்ன் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

டிரம் 55 கேலன் கொள்ளளவுள்ளது நல்லது. இரும்போ பிளாஸ்டிக்கோ, முன்பு ரசாயனம் இருந்ததாக இருக்கக் கூடாது. பக்கத்தில் ஓட்டை போட்டு, சங்கிலியால் மரத்தோடு கட்டுங்கள். நிமிர்த்தி வைத்த டிரம்மின் உயரம் ஏறத்தாழ 35 அங்குலம். நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு மேல் விளிம்பை எட்டினால் அது பெரிய ஆண். நடு வளையத்திலேயே நின்றால் இளசு. காட்டில் தனியாக நிற்கும் எந்தக் கரடியும் புதியவர் கண்ணுக்குப் பூதமாகத்தான் தெரியும். டிரம் ஒன்றுதான் அங்கே உண்மை சொல்லும் அளவுகோல்.

நிரப்புவது ஒரே நேரத்தில், ஒரே வழியில், பிற்பகலில். சத்தத்தைக் குறைக்க முயல வேண்டாம். வாளி தட்டும் சத்தம் கேட்டால் சாப்பாடு வந்தது என்று கரடி பழகிக்கொள்ளும்.

ஏழாம் படி: உட்காருவது

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மான் வேட்டை தெரிந்தவர்களுக்குப் பாதி தெரியும். வில்லுக்குப் பரண் 15 முதல் 20 கெஜம், துப்பாக்கிக்கு 50-க்கு மேல். காற்று டிரம்மிலிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். கரடி நேராக வராது, காற்று வீசிப் போகும் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு வரும். மூன்று மணிக்கு ஏறுங்கள். பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். சட்டப்படியான நேரம் சூரியன் மறைந்து அரை மணி வரை. கரடிகள் வருவதும் அந்தக் கடைசி அரை மணியில்தான், அதனால் அன்றைய அஸ்தமன நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் உரிமையாளர் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

முதலில் வந்ததைச் சுடாதீர்கள். சில நிமிடம் பாருங்கள். பெண் கரடி முன்னால் வந்து குட்டிகள் மரத்திலேயே தங்கியிருக்கும். குட்டிகளோடு வரும் தாயை விட்டுவிடுவது இங்குள்ள நல்ல வேட்டைக்காரர்கள் எல்லாரும் கடைப்பிடிக்கும் வழக்கம்.

எட்டாம் படி: விழுந்த பிறகு

கரடியை நகர்த்தும் முன் உங்கள் பெயர், முகவரி, உரிம எண் எழுதிய டேக்கை மாட்டுங்கள். பிறகு பதிவு நிலையம். பெரும்பாலும் பெட்ரோல் பங்கோ மளிகைக் கடையோதான் நிலையமாக இருக்கும். பதிவு செய்யாத கரடியை வீட்டிலோ வேறிடத்திலோ 18 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாதி இரவில் எது திறந்திருக்கும் என்று வேட்டைக்கு முந்தைய நாளே விசாரித்து வையுங்கள். ஆகஸ்ட் வெயிலில் இறைச்சி நம்மைவிட அவசரத்தில் இருக்கும். உடனே குடலெடுத்து, பனிக்கட்டி அடைத்துக் குளிரவையுங்கள்.

சமைக்கும்போது உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேகவேண்டும். கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம், அதில் ஒரு வகை உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது. நம் ஊர்க் குழம்பு மாதிரி நன்றாகக் கொதிக்கவைத்தால் கவலை இல்லை. சிவப்பாக விட்ட ஸ்டேக்கை இங்கே மறந்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. புலி நகம் கோத்த செயின் மாதிரி கரடி நகத்தைக் கோத்து மாமாவுக்கு எடுத்துப் போகலாம் என்று யாராவது யோசித்தால், வேண்டாம். அமெரிக்கக் கருங்கரடி, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தோல், நகம், மண்டையோடு எதுவும் உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறைக்கு அது அமெரிக்கக் கரடியா நம்மூர்க் கரடியா என்று பார்த்தவுடன் தெரியவும் போவதில்லை. நம்மூர்க் கரடியோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது.

கடைசிப் படி: சுத்தம்

நவம்பர் 10-க்குள் இரைத் தளம் முழுக்கச் சுத்தமாக வேண்டும். சட்டம் தரும் கடைசி நாள் அது. செப்டம்பரில் உட்காருவது முடிந்த வாரமே செய்துவிடுவது நல்லது, அக்டோபரில் மழை, நவம்பரில் பனி, அப்புறம் டிரம்மைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். டிரம், சங்கிலி, பரண், கேமரா, பெயர் அட்டை, கிளையில் கட்டிய துணி, பாதை அடையாளத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் நாடா எல்லாம் வெளியே வரவேண்டும். மிச்ச இரையை வாளியில் அள்ளுங்கள். எண்ணெய் ஊறிய மண்ணையும் அள்ளிவிடுவது என் வழக்கம். அலாஸ்காவில் அதைச் சட்டமே கேட்கிறது. விட்டுவைத்தால் அடுத்த வருடம் வரைக்கும் அந்த இடத்தை விலங்குகள் தோண்டிக்கொண்டிருக்கும்.

சுத்தம் செய்த இடத்தை இரண்டு படம் எடுத்து நில உரிமையாளருக்கு அனுப்புங்கள். கரடி கிடைத்திருந்தால் கொஞ்சம் இறைச்சி, இல்லையென்றால் ஒரு பாக்கெட் நல்ல காபித்தூள். அடுத்த ஜூன் மாதம் அனுமதித் தாளில் புதுத் தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்கப் போகிறவர் நீங்கள்தானே.